இழைத்த பலகை எங்கிருந்து வருகிறது? என்ஸோ மாரியின் மேசையைக் கட்டிப் பார்த்ததில் எழுந்த சில கேள்விகள்

மூன்று வருஷமாக நான் எழுதுவது, படிப்பது, சமயத்தில் சாப்பிடுவது எல்லாமே நானே கட்டிய ஒரு மேசையில்தான். பைன் பலகை, இரண்டங்குல ஆணி, அவ்வளவுதான். பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. இடதுபக்க முன்காலுக்கு அடியில் நாலாக மடித்த ஓர் அட்டை இருக்கிறது. அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம்.

மேசையின் வரைபடம் என்னுடையது இல்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரியுடையது. 1974-இல் மிலான் நகரத்தில் ஒரு ஓவியக்கூடத்தில் அவர் ஒரு கண்காட்சி வைத்தார். மேசை, நாற்காலி, கட்டில், பெஞ்ச், புத்தக அலமாரி என்று 19 சாமான்கள். எல்லாமே சாதாரணப் பலகையும் ஆணியும். கூடவே ஒரு சிறு புத்தகம்: ஒவ்வொரு சாமானுக்கும் வரைபடம், வெட்ட வேண்டிய துண்டுகளின் அளவு, கட்டி முடித்ததன் புகைப்படம். தபால் செலவை அனுப்பினால் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். தலைப்பு ‘ஆட்டோப்ரொஜெத்தாட்சியோனே’. ‘தானே வடிவமைத்துக்கொள்வது’ என்று தோராயமாகச் சொல்லலாம். 2002-இல் மறுபதிப்பு வந்தது. இன்றைக்கு வீட்டில் தானே மரச்சாமான் செய்து பார்க்கிறவர்கள் மத்தியில் இது கிட்டத்தட்ட ஒரு வேதப் புத்தகம்.

மாரி சாதாரண ஆள் இல்லை. 1957-இல் ஒரே மரப்பலகையிலிருந்து 16 விலங்குகளை அறுத்தெடுத்து, திரும்ப ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி அடுக்கும்படி ஒரு பொம்மை செய்தார். அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தன்னைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். நல்ல சாமான் எது, மட்டமான சாமான் எது என்று ஜனங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் எதையும் கையால் செய்து பார்க்காததுதான் என்பது அவர் கட்சி. ஒரே ஒரு மேசையைச் சொந்தமாகக் கட்டிப் பார், அப்புறம் கடையில் விற்கிற மேசையை வேறு கண்ணோடு பார்ப்பாய் என்றார். ஆக, இது பணத்தை மிச்சம் பிடிக்கிற யோசனையாக வந்த புத்தகம் இல்லை. பலர் இதைக் கிராமிய பாணி அலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதில் அவருக்கு வருத்தமே இருந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று என் மேசையே சாட்சி சொல்லும். முதலில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு கட்டைகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு இரண்டு ஆணி அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சதுரம் அப்படியே சாய்சதுரமாகப் படுத்துவிடும். குறுக்கே மூலைவாட்டத்தில் ஒரு கட்டையை வைத்து அடித்துவிட்டால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது, முக்கோணத்தின் பக்க நீளம் மாறாமல் கோணம் மாற முடியாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த ஒன்று கடைசி ஆணியில் சட்டென்று இறுகுவதை உணர்வது வேறு. பரம்பரைத் தச்சு வேலையில் ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொன்றின் நுனியை அதற்குள் சரியாக இறங்கும்படி செதுக்கிப் பூட்டுவார்கள். அந்தப் பூட்டு பழக வருஷக் கணக்கில் ஆகும். மாரி அந்த வேலையைக் குறுக்குக்கட்டைகளிடம் ஒப்படைத்துவிட்டார். கைப்பழக்கம் செய்யவேண்டியதை வடிவம் செய்துவிடுகிறது. சும்மா சொல்லக்கூடாது, இது மேதையின் வேலை. அந்த மேசையைக் கட்டிய பிறகு பஸ் ஸ்டாப் கூரையிலிருந்து கல்யாணப் பந்தல் வரை எதைப் பார்த்தாலும் முக்கோணத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இனி அட்டை.

புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துப் பார்த்தேன். பலகை ஏற்கெனவே கையில் இருக்கிறது என்ற இடத்தில் தொடங்குகிறது. நேராக அறுத்த, ஒரே கனமுள்ள, காய்ந்த பைன் பலகை. கடைக்குப் போய் இந்த அகலம், இந்த நீளம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், நீங்கள் செய்யவேண்டியது நீளத்துக்கு வெட்டுவது மட்டும். 1974-இல் மிலானில் அது நியாயமான எதிர்பார்ப்பாக இருந்திருக்கும்.

நான் போனது சூளைப் பக்கம் ஒரு மரக்கடைக்கு. துண்டுகளின் பட்டியலை நீட்டினேன். கடைக்காரர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. “எத்தனை கன அடி சார்?” என்றார். அங்கே மரம் என்பது கன அளவு. அதைப் பலகையாக்குவது பக்கத்து மில்லில் நடக்கும், அதற்குத் தனிக் கூலி. அறுத்து வந்த பலகை ஒரு முனையில் ஒரு அங்குலம் என்றால் மறுமுனையில் முக்காலே அரைக்கால். முகம் முழுக்க ரம்பத்தின் கீறல். இழைத்து மட்டமாக்குவது அதற்கும் அடுத்த வேலை, அதை ஆசாரிதான் செய்வார் என்பது எழுதப்படாத ஏற்பாடு. நான் பலகையை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய் ஆணி அடிக்கப்போகிறேன் என்றதும் அவர் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம்.

கடைசியில் இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து விற்கிறவரிடம் பைன் பலகை வாங்கினேன். (இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் பெட்டிகளில் முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்றிருந்தால் பூச்சி சாகச் சூடுபடுத்திய மரம், எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.) விலை மலிவு, மரம் மெது, ஆணி சுலபமாக இறங்கியது. மொட்டை மாடியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அளவுகளை மூன்று முறை சரிபார்த்தேன். மூலைமட்டம் வைத்து வைத்து அறுத்தேன். எல்லாம் முடித்து நிமிர்த்தி வைத்தால் மூன்று கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில்.

தரைதான் சரியில்லை என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவைச் சரிசெய்ய ஒரு ஆசாரி வந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. கூப்பிட்டுக் காட்டினேன். மேசையின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. பலகை முறுக்கு விட்டிருக்கு.” முறுக்கு என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா என்று கேட்டேன். மீந்து கிடந்த பலகை ஒன்றைத் தரையில் போட்டார். பையிலிருந்து ஒரே உயரமுள்ள இரண்டு ரீப்பர் துண்டுகளை எடுத்து, பலகையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, குறுக்கே நிறுத்தினார். “குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க.” முன்னால் இருக்கும் ரீப்பரின் மேல்விளிம்புக்கும் பின்னால் இருப்பதற்கும் இடையில் ஒரு பக்கம் இடைவெளி விரிந்து, மறுபக்கம் குறுகி இருந்தது. நிதானமாகப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுவரை நான் அந்தப் பலகை தட்டையாக இருக்கிறது என்றே சத்தியம் செய்திருப்பேன்.

இழைப்புளியை எடுத்து எதிரெதிர் மூலைகளில் மட்டும் தள்ளினார். நாலைந்து இழைப்பு, திரும்ப ரீப்பர், திரும்ப இழைப்பு. கால் மணி நேரத்தில் இரண்டு விளிம்பும் ஒன்றாகச் சேர்ந்தன. பிறகு நான் அச்செடுத்து வைத்திருந்த மாரியின் வரைபடத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். குறுக்குக்கட்டைகளை விரலால் தொட்டு, “நல்லா யோசிச்சிருக்காரு” என்றார். அப்புறம் கேட்டார்: “இவருக்கு யாரு மரம் இழைச்சுக் குடுத்தது?”

என்னிடம் பதில் இல்லை, புத்தகத்திலும் இல்லை. மாரியின் மீது எனக்கிருக்கும் விமர்சனம் இந்தக் கேள்வியைத் தாண்டி அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

டேவிட் பை என்ற ஆங்கிலேயர், மர வேலைக்காரர், பேராசிரியர், 1968-இல் கைவினையின் தன்மை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேலையை அவர் கைவேலை, இயந்திர வேலை என்று பிரிப்பதில்லை. விளைவு முன்கூட்டியே நிச்சயமாகிவிட்ட வேலை, ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய வேலை என்று பிரிக்கிறார். அவர் தரும் உதாரணம் அச்சும் பேனாவும். அச்சில் எழுத்து எப்படி விழும் என்பது முன்பே தீர்ந்துவிட்டது, பேனாவில் ஒவ்வொரு எழுத்தும் ஆபத்தில் இருக்கிறது. இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் மாரி செய்தது தெளிவாகத் தெரிகிறது. தச்சு வேலையில் இருக்கும் ஆபத்தை அவர் ஒழிக்கவில்லை. பாதியைக் குறுக்குக்கட்டைக்குக் கொடுத்தார், மீதியை மரம் அறுக்கும் ஆலைக்குத் தள்ளிவிட்டார். ஆலையின் வேலை முடிந்த பிறகு மிஞ்சுவதைக் காட்டி, பார், இதற்குத் திறமையே தேவையில்லை என்கிறார். யாரோ உழைத்துத் தட்டையாக்கிய பலகை, இயற்கையிலேயே தட்டையாக விளைந்ததுபோல அந்த வரைபடத்தில் படுத்திருக்கிறது. உழைப்பு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று விரும்பிய ஒருவர், முதல் உழைப்பையே காணாமல் செய்துவிட்டார்.

ஐப்பசி மழை இன்னொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அனேகமாக மாறாது, அகலவாக்கில் விரியும். மேசையின் அகலம் 80 சென்டிமீட்டர். ஒரு சதவீதம் விரிந்தாலே 8 மில்லிமீட்டர். நான் மே மாதத்தில் பலகைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்திருந்தேன். நவம்பரில் நடுவில் இரண்டு பலகை கூரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டன. ஆணி கொஞ்சம் வளைந்துகொடுத்ததால் பலகை பிளக்கவில்லை. பசை போட்டிருந்தால் பிளந்திருக்கும், அந்த வகையில் மாரி காப்பாற்றினார். இது என் முட்டாள்தனம்தான், அவர் தலையில் கட்டவில்லை. ஆனால் ‘யார் வேண்டுமானாலும்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு, வந்தவர்களுக்கு மரம் மூச்சுவிடும் என்பதைச் சொல்லவேண்டாமா?

அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர யாரும் இந்த வரைபடங்களை எடுத்துச் செய்துகொள்ளலாம், செய்தால் புகைப்படம் அனுப்புங்கள் என்கிறார் மாரி. முதல் வாசிப்பில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆசாரி வந்துபோன பிறகு திரும்ப வாசித்தபோது உறுத்தியது. சம்பள வேலையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் பிடிக்கிற நான் தாராளமாகச் செய்யலாம். இதே மேசையைச் செய்து, கூலியும் மர விலையும் சேர்த்து ஒருவருக்கு விற்கிற ஆசாரி யார்? தொழிற்சாலை இல்லை. வியாபாரியா? 2010-இல் ஃபின்லாந்தின் ஆர்டெக் நிறுவனம் மாரியின் ஒப்புதலோடு அவருடைய நாற்காலி ஒன்றை, வெட்டிய பலகையும் ஆணியுமாகப் பெட்டியில் போட்டு விற்றது. சில வருஷங்களில் பெர்லினில் கூகுலா என்ற அமைப்பில் ஆப்பிரிக்க அகதிகள் இதே சாமான்களைச் செய்து விற்றார்கள், சிலவற்றில் லம்பெதூசா தீவில் ஒதுங்கிய படகுகளின் மரத்தைச் சேர்த்தார்கள். அதற்கும் மாரி அனுமதி கொடுத்தார், பெருந்தன்மையான காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பொழுதுபோக்குக்காகச் செய்கிறவனுக்கு அனுமதி தேவைப்படவில்லை. பிழைப்புக்காகச் செய்தவர்களுக்குத் தேவைப்பட்டது.

மாரியின் எதிரி பெரிய முதலாளி. மிலானில் நின்று பார்த்தால் நுகர்வோருக்கும் ஆலைக்கும் நடுவில் வேறு யாரும் தெரிந்திருக்கமாட்டார்கள். இங்கே நடுவில் ஒருவர் இருக்கிறார், கையில் இழைப்புளியோடு. அவருடைய வேலையை ஏற்கெனவே பிளைவுட்டும், பெட்டியில் வருகிற ரெடிமேட் அலமாரியும் எடுத்துக்கொண்டுவிட்டன. இப்போது அவர் கதவு இடிப்பதைச் சரிசெய்ய மட்டும் கூப்பிடப்படுகிறார். அவரைத் தாண்டிக்கொண்டு ‘நானே செய்தேன்’ என்று படம் போடுவதில் எனக்கு இருந்த பெருமை அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. அதற்காக நான் மரவேலையை விட்டுவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை. கட்டிப் பார்க்காவிட்டால் அந்த ரீப்பர் துண்டுகள் காட்டியது என் கண்ணில் பட்டே இருக்காது. இதைத்தான் மாரி சொன்னார் என்று அவருடைய ரசிகர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதைக் காட்டியது அவருடைய புத்தகம் இல்லை.

புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, வாங்குங்கள். முதல் வரைபடத்துக்கு முன்னால் இரண்டு வெள்ளைத் தாளை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் ரீப்பரை வைத்து முறுக்குப் பார்ப்பது எப்படி என்று எழுதுங்கள். இன்னொன்றில் உங்கள் ஊரில் எந்த மரம் காய்ந்ததாகக் கிடைக்கும், யார் இழைத்துத் தருவார், என்ன கூலி என்று எழுதுங்கள். நான் இப்போது பலகையை அந்த ஆசாரியிடம்தான் இழைக்கக் கொடுக்கிறேன். முதல் தடவை கூலி வாங்கமாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவரே கறாராகக் கணக்குச் சொல்கிறார்.

அடுத்தது பெஞ்ச். ஜூன் மாதமே பலகை வாங்கிப் பரண்மேல் அடுக்கிவிட்டேன், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே காற்றுப் போக ரீப்பர் துண்டு வைத்து. தை பிறந்து காற்று உலர்ந்ததும் இறக்கிக்கொண்டு வாங்க, அதுக்கு முன்னாடி தொடவேண்டாம் என்று உத்தரவு.