நைனார்பாளையத்தில் பூட்டிய பனிப்பலகை

ஆல்பைன் ஸ்னோபோர்டு வாங்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பலகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீளம் எவ்வளவு, எந்த ஆண்டு மாடல், எந்த ஒலிம்பிக் வீரர் அதே கம்பெனிப் பலகையில் ஏறினார் என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் பூட்ஸ். அடுத்து அந்தப் பூட்ஸின் நீளத்துக்கு ஒத்துப்போகும் பலகை அகலம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை புரண்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையும் பனியைச் சுரண்டிக்கொண்டுதான் போகும்.

சாதாரண ஸ்னோபோர்டிலிருந்து இது நிறையவே வேறுபட்டது. அதில் மெத்தென்ற பூட்ஸ், பட்டை வைத்த பைண்டிங், அகலப் பலகை. இரண்டு பாதமும் ஏறக்குறைய குறுக்காக நிற்கும். ஆல்பைன் பலகை ஒடுங்கியது, விறைப்பானது. பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக். பைண்டிங் ஓர் உலோகத் தட்டு. முன்னும் பின்னும் கம்பி வளையம் பூட்ஸைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பாதமும் பலகையின் மூக்கை நோக்கித் திரும்பியிருக்கும். பலகையைச் சாய்த்தால் இரும்பு விளிம்பு மட்டும் பனியில் இறங்கி, பென்சிலால் இழுத்த கோடு மாதிரி ஒரு தடம் விட்டுச் செல்லும். ஒலிம்பிக்கில் 1998 நாகானோ முதல் இந்த வகைப் பலகைகள் ஓடுகின்றன. 2018 பியோங்சாங்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெக்கா பனிச்சறுக்கில் சூப்பர் ஜி தங்கமும், இதே ஆல்பைன் ஸ்னோபோர்டில் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் தங்கமும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றார்.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: சம்பந்தம் இல்லாததால்தான் இந்த விமர்சனமே தேவைப்படுகிறது. காஷ்மீரின் குல்மர்கில் வாடகைக் கடைகளில் நான் பார்த்ததெல்லாம் மென்பூட்ஸ் செட்டுகள்தான். கெட்டி பூட்ஸும் தட்டு பைண்டிங்கும் வேண்டுமென்றால் நாமே கொண்டுபோக வேண்டும். அங்கே போய் மலையடிவாரத்தில், விரல் மரத்துப்போகும் குளிரில், கோணம் பார்த்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தால் பனி நன்றாக இருக்கும் காலைப்பொழுது போய்விடும். ஆகவே முழு வேலையையும் வீட்டுக் கூடத்திலேயே முடித்தேன். சின்னசேலம் பக்கத்துக் கோடையில் ஒரு பனிப்பலகையைப் பூட்டுவதில் ஐரோப்பியர்கள் எழுதும் கையேடுகளில் இல்லாத சில சிக்கல்கள் உண்டு. அவற்றைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பூட்ஸிலிருந்தே தொடங்கலாம். இந்த விளையாட்டுக்கென்றே பூட்ஸ் செய்பவர்கள் மிகச் சிலர். டீலக்ஸ் நிறுவனத்தின் டிராக் வரிசையும் யுபிஇசட் பூட்ஸும்தான் அதிகம் கண்ணில் படும். அளவு மாண்டோ முறையில் இருக்கும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். நம் செருப்பு நம்பரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சுவரில் குதிகால் ஒட்ட நின்று, பெருவிரல் நுனிக்குத் தரையில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். பூட்ஸ் கைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் மெத்தை லைனரை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனியை முன்னால் தொடவிடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலோ ஒன்றரை விரலோ நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் பூட்ஸ் பெரிது, திருப்பி அனுப்பலாம். லைனர் சூட்டில் இளகி காலின் வடிவத்துக்கு வார்த்துக்கொள்ளும் வகையாக இருந்தால் மிச்சச் சில்லறை இறுக்கங்கள் சரியாகிவிடும். பெரிதாக வாங்கிய ஓட்டை மட்டும் எதனாலும் சரிசெய்ய முடியாது. குதிகால் உள்ளே அரை சென்டிமீட்டர் எழும்பினாலும், கால் சாய்ந்த பிறகுதான் பலகை சாயும்.

பழைய பூட்ஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். ஐரோப்பாவிலிருந்து மலிவாக வரும் பத்து, பதினைந்து வருஷத்துப் பூட்ஸ்கள் பார்க்கப் புதிது போலவே இருக்கும். ஆனால் அவற்றின் ஓடு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே மெல்ல மெல்ல அறுக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, ஒருநாள் ஓட்டத்தின் நடுவே துண்டாக உடையும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த இரண்டும் நம் ஊரில் வருஷம் முழுக்க உண்டு. லைனரை எடுத்துவிட்டு ஓட்டின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கடிகார முகம் போல ஒரு சின்ன வட்டமும் அதன் நடுவில் ஓர் அம்புக்குறியும் அச்சில் வார்த்திருக்கலாம். வார்த்த ஆண்டும் மாதமும் அதில் தெரியும். விற்பவர் சொல்வதைவிட அந்த வட்டம் சொல்வதை நம்புங்கள். புது பூட்ஸையும் தகரக் கூரை ஷெட்டில் போடக் கூடாது. வீட்டுக்குள், காற்றோட்டமான அலமாரியில், பக்கிள்களை லேசாக மாட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். நைனார்பாளையத்து மே மாத மதியத்தில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு முழங்காலை முன்னால் தள்ளினால் சுகமாக வளைந்து கொடுக்கும். அதே பூட்ஸ் குல்மர்கில், பூஜ்யத்துக்குக் கீழே போன காலை நேரத்தில், மரக்கட்டை மாதிரி நிற்கும். ஆகவே வீட்டில் போட்டுப் பார்த்து “கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே” என்று அடுத்த விறைப்புக்குப் போக வேண்டாம். கணுக்கால் பின்பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட அமைப்பு இருந்தால் மிக நல்லது. குளிரில் அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

இப்போது அகலம். என் பூட்ஸின் அடி நீளம் சுமார் 31 செ.மீ. பலகையின் இடுப்பு, அதாவது நடுவில் மிக ஒடுங்கிய இடம், 20 செ.மீ. பாதத்தைக் குறுக்காக வைத்தால் 11 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சாய்த்த உடனே பூட்ஸ் பனியில் இடித்து விளிம்பைத் தூக்கிவிடும், ஆள் தூக்கி எறியப்படுவார். அதனால் பாதத்தைத் திருப்புகிறோம். எவ்வளவு திருப்புவது என்பதை உங்கள் விருப்பமோ, யூடியூப் நிபுணரோ தீர்மானிப்பதில்லை. பூட்ஸ் நீளமும் பலகை அகலமும்தான் தீர்மானிக்கின்றன. என் கணக்கில் முன்கால் 60 டிகிரி, பின்கால் 56 டிகிரி வந்தது. சரிபார்க்கும் வழி எளிது. பூட்ஸை பைண்டிங்கில் மாட்டிவிட்டு, பலகையைத் தரையில் தட்டையாகக் கிடத்தி, ஒரு மட்டப்பலகையை விளிம்பிலிருந்து பூட்ஸ் வரை சாய்த்துப் பிடியுங்கள். மட்டப்பலகைக்கும் தரைக்கும் நடுவே கிடைக்கும் கோணம்தான் பூட்ஸ் இடிக்காமல் நீங்கள் சாயக்கூடிய எல்லை. விரல் பக்கம், குதிகால் பக்கம் இரண்டிலும் அது சமமாக வரும்வரை பைண்டிங்கை நகர்த்த வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள். எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. அதைவிடப் பயனுள்ள சாயங்காலம் இந்த வேலையில் வேறில்லை.

நீளத்தைவிடப் பக்க வளைவின் ஆரம் முக்கியம். பலகையின் இரண்டு பக்கமும் உள்வாங்கி இருக்கும். அந்த வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக நினைத்தால் அதன் ஆரம் எத்தனை மீட்டர் என்று பலகை மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கல்வராயன் மலையில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பைக்கில் ஏறுகிறவர்களுக்குச் சாய்வுக் கணக்கு உடம்பிலேயே இருக்கும்: வளைவு எவ்வளவு இறுக்கமோ, வேகம் எவ்வளவோ, அவ்வளவு சாய வேண்டும். பனிப்பலகையில் கூடுதலாக ஒன்று உண்டு. சாயச் சாயப் பலகை வளைந்து கொடுத்து, திருப்பத்தையே இறுக்கிக்கொள்ளும். ஆரம் 10 மீட்டர் உள்ள பலகையை 45 டிகிரி சாய்த்தால் திருப்பம் 7 மீட்டர் ஆரத்துக்கு வந்துவிடும். 60 டிகிரியில் 5 மீட்டர். அந்த 45 டிகிரியில் விழாமல் நிற்க, சரிவின் இழுப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், மணிக்கு 30 கி.மீ. வேகம் வேண்டும். ஆரம் 20 மீட்டர் உள்ள பந்தயப் பலகைக்கு அதே சாய்வில் 42 கி.மீ. வேண்டும்.

இந்த இரண்டு எண்களில் என் தேர்வு முடிந்துவிட்டது. குல்மர்கில் இயந்திரம் உருட்டிச் சமன்படுத்திய ஓடுதளம் நீளமானது அல்ல, நடுவில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களும் நிற்பார்கள். அங்கே 42 கி.மீ. வேகத்தில் போனால்தான் சாயும் என்கிற பலகை ஆபத்து, வீணும்கூட. சுவிட்சர்லாந்தின் கெஸ்லர், 2006 டுரினில் வெண்கலம் வென்ற ஆஸ்திரிய வீரர் சிகி கிராப்னர் நடத்தும் எஸ்ஜி ஆகியவற்றின் பந்தயப் பலகைகள் அற்புதமானவைதான். நமக்கு அவை வேண்டாம். நீளம் 160 செ.மீ. சுற்றி, ஆரம் 10, 11 மீட்டர் உள்ள ஸ்லாலம் வகையோ பொதுவகைக் கார்விங் பலகையோ போதும். பலகையை மட்டும் பழையதாக வாங்கலாம், விளிம்பில் துரு ஆழமாக இறங்காமல் இருந்தால்.

பைண்டிங்கில் நான் எஃப்2 வகைத் தட்டைத் தேர்ந்தெடுத்தேன். பாம்பர் நிறுவனத்தின் டிடி3 இன்னும் உறுதியானது. அதில் 0, 3, 6 டிகிரி சாய்வுத் தட்டுகள் உண்டு. ஆனால் கனமானது. விமானத்தில் எடை பார்த்துக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அதுவும் ஒரு கணக்கு. பலகையில் நாற்பது மில்லிமீட்டர் இடைவெளியில் எம்6 மரை போட்ட துளைகள் இருக்கும். அந்த ஸ்க்ரூவின் தலை பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ போலவே தெரியும். ஆனால் அது போசிட்ரிவ், பிஇசட்3 அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தி முடுக்கினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் கழற்றவே முடியாது. உற்றுப் பார்த்தால் பெரிய நட்சத்திரத்தின் நடுவே மெல்லிய இன்னொரு குறுக்குக் கோடு தெரியும், அதுதான் அடையாளம். ஸ்க்ரூ நீளமும் பார்க்க வேண்டும். பைண்டிங்குக்கு அடியில் சாய்வுக்காக ஆப்பு வைத்தால் நீள ஸ்க்ரூ, எடுத்தால் குட்டை ஸ்க்ரூ. நீளம் கூடினால் துளையின் அடியை முட்டி, பலகையின் அடிப்பரப்பில் கொப்புளம் போல் புடைக்கும். எனக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. லேத் பட்டறையில் கொடுத்தேன்.

“இது எந்த வண்டி பார்ட் தம்பி?” என்றார் பட்டறை அண்ணன்.

“பனியில ஓடுற பலகைண்ணே.”

“அப்ப மரை முனை பிசிறு இல்லாம இருக்கணும்” என்று சொல்லி, வெட்டியதோடு விடாமல் ஒவ்வொரு முனையையும் அரத்தால் சாய்த்துக் கொடுத்தார். பிசிறு இருந்தால் பலகைக்குள் இருக்கும் மரைதான் கெடும். அவர் சொன்ன அந்த ஒரு வரி எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை.

முன்காலின் விரல் பக்கத்துக்கும் பின்காலின் குதிகால் பக்கத்துக்கும் 3 டிகிரி ஆப்பு வைத்தேன். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி இயல்பாக மடியும். கால்களின் இடைவெளி 48 செ.மீ., என் உயரத்துக்கு அது சரி. பூட்டியதும் கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் பலகையை வைத்து ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். முழங்காலோ இடுப்போ எங்காவது திருகிப் பிடித்தால், பனியில் அந்த இடம்தான் முதலில் வலிக்கும்.

விளிம்பைப் பக்கவாட்டில் 2 டிகிரி, அடியில் 1 டிகிரி தீட்டினேன். நம் ஹார்டுவேர் கடை அரம் போதும், கோணம் பிடிக்கும் தாங்கி மட்டும் வாங்க வேண்டும். சீசன் முடிந்ததும் அடிப்பரப்பில் மெழுகைத் தடிமனாக உருக்கி, விளிம்பையும் சேர்த்து மூடி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் விளிம்பு துருப்பிடிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. துணி இஸ்திரிப் பெட்டி வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கும், மெழுகு புகைந்தால் அடிப்பரப்பு கருகும்.

குல்மர்கில் இந்தப் பலகை எப்படி ஓடியது? சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கிளம்பும் கொண்டோலா கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரியில் இறக்கிவிடும். சமன்படுத்திய சரிவில், காலைக் குளிரில் கெட்டித்த பனியில், முதல் சாய்விலேயே விளிம்பு பிடித்தது. மென்பூட்ஸில் கணுக்கால் அசைந்து, பட்டை இழுத்து, பிறகு பலகை கேட்கும். இதில் முழங்காலை நகர்த்திய கணமே பலகை நகர்கிறது. திரும்பிப் பார்த்தால் மெல்லிய ஒற்றைக் கோடு, வழுக்கின தடமே இல்லை. இதற்காக எத்தனை செலவு செய்தாலும் தகும் என்று அந்த இடத்தில் தோன்றியது, இப்போதும் அதே எண்ணம்தான். மதியத்துக்கு மேல் பனி இளகிக் குழம்பானதும் ஒடுங்கிய மூக்கு புதைகிறது. கால் சீக்கிரம் களைக்கிறது. கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை போகும். அங்கே ஆழமான புதுப்பனி, சமன்படுத்தாத சரிவுகள், பனிச்சரிவு அபாயம். அதற்கு அகலமான மென்பலகையும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும், இந்தப் பலகையோடு ஏற வேண்டாம்.

பயணத் தேதியை முன்கூட்டியே இறுக்கிவிடவும் வேண்டாம். 2024 ஜனவரியில் குல்மர்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மர்க் பகுதி, பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பிப்ரவரி பிற்பாதி ஓரளவு பாதுகாப்பு, அதுவும் உறுதி கிடையாது. பூட்ஸைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை ஒரு நாள் தாமதமானால் வேறொன்றில் சமாளிக்கலாம், உங்கள் காலுக்கு வார்த்த பூட்ஸுக்கு மாற்று கிடையாது.

பூட்ஸ், பைண்டிங், பலகை மூன்றையும் புதிதாக வாங்கினால் சுங்க வரி சேர்க்காமலே ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். பணத்தை எங்கே குறைப்பது என்றால் பலகையில் குறையுங்கள். பாதம் 28 செ.மீ.க்கு மேல் இருப்பவர்கள் 20 செ.மீ. இடுப்பு உள்ள பலகையைத் தொட வேண்டாம். 21, 22 செ.மீ. பார்த்து வாங்கினால் 55 டிகிரியிலேயே வசதியாக நிற்கலாம். நான் அடுத்த சீசனுக்கு மாற்றப்போவது பின்கால் மட்டும்: 56இலிருந்து 57 டிகிரி. குதிகால் பக்கத் திருப்பத்தில் அந்தக் காலின் பூட்ஸ் விளிம்பு இரண்டு இடங்களில் பனியைத் தொட்ட கீறல் இருக்கிறது.