கொடியில் ஆடும் வேட்டித் துண்டுகள்

மீஞ்சூரில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் பழைய வேட்டித் துண்டுகள் வரிசையாக ஆடுகின்றன. இரண்டரை வயதுப் பேத்தியின் துணிகள். சொல்லிவிட்டுச் சிறுநீர் போகும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

பல வருடம் துவைபட்ட வேட்டிக்குத்தான் இந்த மென்மை. புதுத் துணியின் கஞ்சி விறைப்பு ஈரத்தை உடனே குடிக்காது. பழைய பருத்தி தொட்டதும் உறிஞ்சும். கைக்குழந்தைக்கு முக்கோண மடிப்பு போதும். இவள் ஒரே தடவையில் நிறையப் போகிறாள். அதனால் நீளவாக்கில் நான்கு மடிப்பு, நடுவில் துவாலைத் துண்டு, மேலே இறுக்கமான ஜட்டி. நின்றபடியே மாட்டிக்கொள்வாள்.

கடை டயப்பரில் உள்ள பாலிமர் துகள்கள் ஈரத்தைக் கூழாக்கிப் பூட்டிவிடும். துணி எதையும் மறைக்காது. நனைந்ததும் விளையாட்டை நிறுத்திக் குனிந்து பார்க்கிறாள். அந்த ஒரு கணம்தான் பாடம்.

துவைப்பதில் உழைப்பு உண்டு. நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆன ஊர் இது. 2010 முதல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடிய ஆலை நிற்கிறது. ஆனாலும் எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, துணி விறைக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குகிறேன். மிச்சக் கறையை வெயில் வெளுத்துவிடும்.

நேற்று நனையும் முன்பே ஜட்டியைப் பிடித்து இழுத்து, "ஆயா, மூச்சா" என்றாள். ஒரு துணி மடிப்புக் கலையாமல் அலமாரியிலேயே இருந்தது.