பரவைக்கடலில் துடுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரி வெள்ளத்தை அராலிப் பக்கம் கடலில் சேர்த்துவிட்டு வறண்டுவிடும். அதற்காகத் துடுப்புப் பிடிக்க ஆசைப்படுகிறவர் ஏங்க வேண்டியதில்லை. குருநகர்க் கரைக்கு வந்தால், தென்மேற்கே மண்டைதீவு, தென்கிழக்கே தொலைவில் பூநகரி, நடுவில் பரவைக்கடல். ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் விரிந்த இந்தக் கடல்நீரேரியில் பெரும்பகுதி இரண்டு ஆள் ஆழத்தைத் தாண்டாது.

ஆழம் குறைவு என்பதாலேயே அது நல்ல நீராகிவிடாது. முழங்காலளவு நீரில் கயாக் கனத்துப்போகும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அடிநிலம் கிட்ட இருப்பதால் படகு தள்ளும் நீர் விலகிப்போக இடமில்லை. நெஞ்சளவு நீருக்கு வந்துவிட்டால் அதே துடுப்பு வலிப்புக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். வெளிறித் தெரியும் இடம் மணல். கருமையாய்த் தெரிவது சாதாழை என்னும் கடற்புல். வற்றுநேரத்தில் சாதாழைத் திட்டுக்குள் போனால் துடுப்பு சிக்கும். இறங்கித் தள்ளலாமென்றால் சில இடங்களில் சேறு காலை விழுங்கும்.

நீரோட்டத்தைக் கணிக்க, மீன்பிடிக்க நட்டிருக்கும் சிறகுவலைத் தடிகளே போதும். தடியைத் தாண்டிய நீர் சுழித்து எந்தப் பக்கம் வால்விடுகிறதோ, ஓட்டமும் அந்தப் பக்கந்தான். வால் நீண்டால் வேகம் அதிகம். பண்ணைப் பாலத்தடியில் வற்றும் பெருக்கும் ஒடுங்கிய வழியால் பாய்வதால், புதியவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. தடிகள் நிற்கும் இடம் ஒரு குடும்பத்தின் சீவனம்; விலத்திச் சுற்றிப் போவதே மரியாதை.

குருநகரின் உண்மையான நுட்பம் காற்றில் இருக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து திறந்த நீரைக் கடந்து வரும். கரையிலேயே சிற்றலை எழுந்து முகத்தில் அடிக்கும். ஆனால் களைத்துத் திரும்பும்போது அதே காற்று வீட்டுப்பக்கம் தள்ளிவிடும். வாடை வடகிழக்கிலிருந்து வருவது. கரையோர வீடுகள் அதை மறைப்பதால் கரையருகே நீர் அசையாமல் கிடக்கும். வெளிக்கிட்டவருக்குத் தன் கைவலிமையால் படகு பறப்பதாகத் தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும், பறக்கவைத்தது வாடை என்று. கரையில் மிகச் சாந்தமாகத் தெரியும் நாளே மிகக் கவனம் வேண்டிய நாள்.

ஆகவே இந்த நீரை மதிப்பிடுகிறவர் திரும்பிவரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில், இரு பருவக் காற்றுகளும் ஓய்ந்திருக்கும் விடிகாலையில், பெருக்கு நேரம் பார்த்து, உயிர்காப்பு அங்கியோடு இறங்கினால் இதைவிட இதமான நீர் குடாநாட்டில் அரிது. இறங்குமுன் வலை உதறிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், “அண்ணை, இண்டைக்குக் காத்து எப்பிடி?” என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாமென்றால் படகைக் கரையிலேயே விடுங்கள். குருநகர் கரையூர் என்று அழைக்கப்பட்ட பழைய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்த நீரில் பிழைத்தவர்களின் கணிப்பு அது. அதை மதிக்கப் பழகியவருக்கே பரவைக்கடல் வசப்படும்.