கடை தேடும் நூலும் காப்பகம் தேடும் நூலும்

சேலத்திலும் நாமக்கல்லிலும், அவற்றை அடுத்துள்ள ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களிலும், கைப்பணம் செலவிட்டுத் தம் நூலைத் தாமே பிரசுரிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களுக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு, நூற்றை நண்பர்களுக்கு இனாமாக வழங்கி, மிஞ்சிய கட்டுகளைப் பரணில் ஏற்றிவிடுவது அவர்களுடைய பழைய சம்பிரதாயம். இன்று அவர்களில் பலரும், அவர்களைவிட அதிகமாகக் குடும்ப நாவல் எழுதும் பெண்மணிகளும், பரணைக் கைவிட்டு மின்னூலுக்கு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சொந்தச் செலவில் நூல் அச்சிட்டு, வெளியீட்டு விழா மேடையில் சிறப்புப் பிரதி பெறுவோர் தரும் தொகையால் அச்சுக்கூலியை ஒருவாறு ஈடுகட்டிவந்த எழுத்தாளர்களும் மின்னூலின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இருசாராரும் ஏறியது ஒரே வண்டியானாலும், நம்மவர் விற்பதற்காக ஏறினார்கள். ஈழத்தாரோ, எழுதியது அழியாதிருக்கவேண்டும் என்பதற்காக ஏறினார்கள்.

நம் பக்கத்து மின்னூல் வியாபாரத்தின் சரித்திரம் கடைகள் திறந்து மூடிய சரித்திரமே. பிளிப்கார்ட் 2012-இல் மின்னூல் விற்கத் தொடங்கி, 2015-இன் இறுதியில் தன் வாசகர்களைக் கோபோ நிறுவனத்திடம் ஒப்படைத்து விலகிக்கொண்டது. கைப்பேசிக் கணக்கிலேயே பணத்தைப் பிடித்துக்கொண்டு சொற்ப விலைக்குத் தமிழ் நாவல்களை விற்ற நியூஸ்ஹண்ட், டெய்லிஹண்ட் என்று பெயர் மாறிய பிறகு, அந்தக் கடையை மூடிற்று. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் தமிழுக்கு இடம் கொடுத்தபின், சுயமாக வெளியிடுவோரில் பெரும்பாலோர் அந்த ஒரு வாசலிலேயே போய் நின்றார்கள்.

அதற்குக் காரணம் மோகம் மட்டும் அன்று; கணக்கும் உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால், நூலைக் ‘கேடிபி செலக்ட்’ என்னும் திட்டத்தில் சேர்க்கவேண்டும்; சேர்த்தால், தவணைக்கு 90 நாள் வீதம், அந்நூலின் மின்வடிவம் வேறெங்கும், இனாமாகக்கூட, கிடைக்கலாகாது. சேராதவருக்கு 35 சதவீதம்தான். சேர்ந்தவருக்கோ, சந்தா கட்டிப் படிப்போர் புரட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில காசுகள் வேறு வந்து விழுகின்றன. ஆகையால்தான், இணையத் தளங்களில் வாரந்தோறும் அத்தியாயமாக எழுதி ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சேர்த்த கதையை, முடிந்த மறுவாரமே அங்கிருந்து நீக்கிவிட்டுக் கிண்டிலில் ஏற்றும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதை நான் குறை கூறமாட்டேன்; எழுத்தால் நாலு காசு பார்ப்பது நம் மொழியில் அவ்வளவு சுலபமான காரியமா என்ன?

பல கடைகளில் வைக்கத் துணிந்தவருக்கு வேறு சிரமங்கள் காத்திருக்கின்றன. கூகிள் பிளே புக்ஸ் பிரத்தியேக உரிமை கேட்பதில்லை. ஐஎஸ்பிஎன் எண் இல்லாவிட்டாலும் தானே ஓர் எண்ணைக் கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. பெங்களூருவின் புஸ்தகா போன்ற இடைநிறுவனங்கள், ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ஒரே பிரதியைப் பல கடைகளுக்கு அனுப்பிவைக்கின்றன. ஆனால் விலையை யார் மேய்ப்பது? நாமக்கல்லில் முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை மண்டலமெங்கும் ஒரே விலையாகப் பரவுவதுபோல மின்னூலுக்கு அறிவிப்பவர் எவரும் இல்லை. ஒரு கடையில் விலை இறங்கினால் மற்றொரு கடை தானும் இறக்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இதன்மேல் அரசாங்கத்தின் விசித்திரம் ஒன்று: 2018 ஜூலையில் மின்னூலுக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தபோது, அச்சுப் பதிப்பும் உள்ள நூலுக்கே அச்சலுகை என்று விதித்ததால், அச்சிட வசதியில்லாமல் மின்னூலோடு நின்றவருடைய நூலுக்கு 18 சதவீதமே நிலைத்தது. ஏழைக்கு அதிக வரி என்னும் இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இலங்கையின் நிலைமை வேறு. அங்கே அமேசானுக்குச் சொந்தக் கடை இல்லை. வாசகர் அமெரிக்கக் கடையில் டாலர் விலைக்கு வாங்கவேண்டும். அப்படி வாங்கினாலும், 70 சதவீதம் வழங்கும் தேசங்களின் பட்டியலில் இலங்கை இல்லாமையால், ஆசிரியருக்குச் சேர்வது 35 சதவீதமே. பேபாலில் பணம் பெறும் வசதி வேண்டுமென்று அத்தீவினர் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். 2022-இல் அந்நாட்டு ரூபாய் டாலருக்கு இருநூறு என்னும் நிலையிலிருந்து முந்நூற்றறுபதுக்கு வீழ்ந்தபோது, டாலர் விலை மின்னூல் நடுத்தர வாசகனின் கைக்கு எட்டாததாயிற்று; அச்சுத்தாளும் கிடைக்காமல் பள்ளிப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு அனுகூலம்: அமெரிக்க விற்பனையின் உரிமைத்தொகையில் அமெரிக்க அரசு பிடிக்கும் வரி, ஒப்பந்தப்படி, இந்தியருக்கு 15 சதவீதம், இலங்கையருக்கு 10. விற்பனையே சொற்பமாக இருக்கையில் இச்சலுகையால் பயன் அதிகமில்லை.

கடைகள் இல்லாத அந்த இடத்தில் எழுந்தது நூலகம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், பின் தொடர்ந்த யுத்தத்தில் வீட்டு அலமாரிகளும் அச்சகங்களும் அழிந்ததையும் கண்டவர்கள், 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, நூல்களையும் சஞ்சிகைகளையும், வேறெங்கும் கிடைக்காத நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாக வருடியெடுத்து, எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்தார்கள். சொந்தச் செலவில் நூல் வெளியிட்ட ஈழத்து எழுத்தாளர், விழா முடிந்து பிரதிகள் தீர்ந்ததும், அனுமதி கொடுத்துத் தம் நூலை அதில் சேர்ப்பது இன்று ஒரு நல்ல வழக்கமாகிவிட்டது. அவருக்குக் காசு வருவதில்லை. கனடாவிலிருக்கும் ஆராய்ச்சி மாணவன் அவரை மேற்கோள் காட்டுகிறான்.

எழுத்துருவிலும் இவ்விரு மரபுகளின் சுவடு தெரிகிறது. அங்கே பல்லாண்டுகள் பாமினி. இங்கே டிடிபி நிலையங்களில் வானவில், ஸ்ரீலிபி என்று கடைக்கொரு குறியேற்றம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை நியமமாக அறிவித்தும், பழைய கோப்பை மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறி விழுந்த நூல்கள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. படமாக வருடியெடுக்கும் காப்பகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் (1888–1972) நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் வாசிக்கலாம், யாரும் பதிப்பித்து விற்கவும் செய்யலாம். அவருக்குக் காப்பகமும் கடையும் ஒருங்கே வாய்த்துவிட்டன. அதே ஜில்லாவில் இன்று எழுதும் ஒருவருடைய நாவலோ கிண்டிலில் மட்டும் இருக்கிறது. அவர் காலமான பிறகு கடவுச்சொல்லை அறிந்தவர் வீட்டில் எவரும் இல்லையென்றால், உரிமைத்தொகை எந்தக் கணக்குக்குப் போகும், நூல் யார் பொறுப்பு என்பவற்றை நாம் யோசிப்பதே இல்லை. இவ்விஷயத்தில் ஈழத்தார் நம்மைவிடத் தீர்க்கதரிசிகள் என்பதே என் அபிப்பிராயம். விற்பனையில் மட்டும் அவர்கள் நம்மிடம் கற்கவேண்டியது உண்டு.

ஆகையால், நம் பிரதேசத்து எழுத்தாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். புது நூலுக்கு முதல் தவணை பிரத்தியேக ஒப்பந்தம் இருக்கட்டும்; அது லாபமே. ஆனால் அந்த ஒப்பந்தம், நீங்கள் தடுக்காவிட்டால், தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் கணக்கைத் திறந்து, விற்பனை ஓய்ந்த நூல்களுக்கு எதிரே இருக்கும் அந்தப் புதுப்பிப்புக் குறியை எடுத்துவிடுங்கள். தவணை முடிந்ததும் கூகிளிலும் வையுங்கள். காசு வருவது அடியோடு நின்றுபோன நூலை, 2013 முதல் பொதுவுரிமத்தில் மின்னூல்களை இலவசமாக வெளியிட்டுவரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினருக்கு அனுப்பிவையுங்கள்.