மனநோவுக்கு நூல் மருந்தாகுமா?

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளம் நோயுற்றால் நம்மில் பலர் முதலில் நாடுவது ஒரு புத்தகத்தையே. இதில் வியப்பில்லை. புத்தகம் நம்மை ஏளனம் செய்யாது. பக்கத்து வீட்டாரிடம் போய்ச் சொல்லாது. ஆகவே தன்னுதவி நூல்களைத் தரங்குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டு, காவியத்தையும் நாவலையும் மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பது திறனாய்வாளர்க்கு அழகன்று. நாவலில் குறை இருந்தால் படிப்பவர்க்குப் பொழுது வீணாகும், அவ்வளவே. இந்நூல்களில் குறை இருந்தாலோ நொந்தவர் மேலும் நோவர்.

இவ்வாறு நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர் தாயை இழந்தார். அதன்பின் அவர்க்கு உறக்கம் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கதவோரம் வந்து நின்றுவிடுவார். தலைமையாசிரியனாகிய நான் என்ன செய்தேன்? என் அலமாரியிலிருந்து தன்னம்பிக்கை நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "படிச்சுப் பாரும்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். ஒரு திங்கள் சென்று நூலைத் திருப்பிக் கொடுத்தார். "ஐயா, இதில சொன்னது ஒண்ணுகூட என்னால செய்ய முடியல. அப்படின்னா குத்தம் என்கிட்டதான் இருக்கு, இல்லீங்களா?" என்றார்.

அந்நூலை முன்னரே இருமுறை படித்துப் பாராட்டியவன் நான். மூன்றாம் முறை அவ்வாசிரியையின் கண்கொண்டு படித்தேன். எழு, துணி, வெல் என்று பக்கத்துக்குப் பக்கம் ஏவல் வினை. அஞ்சுபவன் கோழை, சோர்ந்தவன் சோம்பேறி, நினைத்தால் முடியாதது ஒன்றுமில்லை. நலமுள்ளவனுக்கு இச்சொற்கள் ஊக்கம் தரலாம். நலங்குன்றியவர்க்கு இவற்றின் மறுபக்கமே தெரிகிறது. முடியவில்லையா, அப்படியானால் நீ சரியாக நினைக்கவில்லை என்பதே அம்மறுபக்கம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது? இரு வேறு வகை நூல்களை ஒரே தட்டில் அடுக்கி ஒரே பெயரால் அழைப்பதில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இவ்வகைக்குப் பெயர் தந்தது சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட நூல். உழைத்து உயர்ந்த பொறியாளர், குயவர் முதலியோர் வாழ்க்கையைக் கூறி உழைப்பை வலியுறுத்தியவர் அவர். மனநோயைப் பற்றி எழுதுவது அவர் நோக்கமன்று. தமிழில் வரும் தன்முன்னேற்ற நூல்களிற் பெரும்பாலானவை இவ்வழியினவே. அவை முன்னேற விரும்புவார்க்கு உரியவை. எழுந்து நிற்கவே இயலாதவர் கையில் அவற்றைக் கொடுத்தது என் பிழை. நூலாசிரியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

மற்றொரு வகை, நோவின் இயல்பை நோவுற்றார்க்கே விளக்கிச் சொல்லும் நூல். இவ்வகையில் நான் பெரிதும் மதிப்பது ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962இல் ஆங்கிலத்தில் எழுதிய நரம்புத் தளர்ச்சிக்கான தன்னுதவி நூல். அம்மையார் தொடக்கத்தில் விலங்கியல் ஆய்வாளர். 1930இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றவர். மருத்துவம் படித்தது அதற்குப் பிறகே. இளமையில் அவர்க்குக் காசநோய் என்று தவறாகக் கூறி மருத்துவ விடுதியில் ஆறு திங்கள் வைத்திருந்தனர். வெளிவந்தபோது நெஞ்சுப் படபடப்பு நீங்காத துணையாகிவிட்டது. முதல் உலகப் போரில் களம் கண்ட நண்பர் ஒருவர்தாம் அதன் காரணத்தை விளக்கினார். இதயம் துடிப்பதைக் கண்டு நீ அஞ்சுகிறாய், அவ்வச்சமே மீண்டும் இதயத்தைத் துடிக்க வைக்கிறது என்றார். நூலின் கரு இதுவே. அஞ்சினால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, அதனால் நெஞ்சு படபடக்கிறது, படபடப்பைக் கண்டு மேலும் அச்சம், மேலும் சுரப்பு. இச்சுழற்சியை எளிய சொற்களில் முதலிலேயே விளக்கிவிடுகிறார். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று ஏங்குபவர்க்கு, 'அஞ்சும்போது எவர் உடலும் செய்வதையே உன் உடலும் செய்கிறது' என்ற விடை கிடைக்கிறது. பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

பிறகு அவர் கூறும் வழி நான்கு சொற்களுள் அடங்கும். எதிர்கொள்; ஏற்றுக்கொள்; மிதந்து செல்; காலம் செல்லட்டும் என்று விடு. இவையும் ஏவல் வினைகளே. ஆயினும் எவ்வளவு வேறுபாடு! போரிடு என்று ஓரிடத்திலும் இல்லை. நீரில் விழுந்தவன் கைகால் அடித்தால் களைத்து மூழ்குவான். உடலைத் தளர விட்டால் நீர் தாங்கும். கடைக்குள் நுழைய அஞ்சுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு நுழைவது வேறு; நெஞ்சு துடித்தால் துடிக்கட்டும் என்று உடலை இறுக்காமல் நுழைவது வேறு. இரண்டாவதையே அம்மையார் கற்பிக்கிறார்.

தமிழாசிரியர்கள் கருத வேண்டிய இடம் இது. 'ஏற்றுக்கொள்' என்பதைத் தமிழில் எழுதினால் நம்மவர் எவ்வாறு பொருள் கொள்வர்? எல்லாம் தலைவிதி, பொறுத்துக்கொண்டு கிட என்றே பலர்க்கும் படும். பல்லைக் கடித்துப் பொறுப்பது ஏற்பதாகாது என்று வீக்ஸ் தெளிவாகவே வேறுபடுத்துகிறார். மொழிபெயர்ப்பவர் அவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் மருந்து நஞ்சாகிவிடும். இன்னொன்று: 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை நம் செய்தித்தாள்களும் துண்டேடுகளும் வேலைப்பளுவால் வரும் இறுக்கத்துக்கும் வழங்குகின்றன, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி உண்ணவும் உறங்கவும் இயலாத நோய்நிலைக்கும் வழங்குகின்றன. பின்னதை மனச்சோர்வு என்றும், காரணமின்றித் தொடரும் அச்ச நிலையை மனப்பதற்றம் என்றும் பிரித்து எழுதுவோர் சிலரே. பெயர் மாறினால் செய்ய வேண்டுவதும் மாறும் அன்றோ? தோட்டத்து மக்களோ இம்மூன்று சொற்களையும் சொல்வதில்லை. "மனசு சரியில்ல", "நெஞ்சை அடைக்குது", "ஒண்ணுமே பிடிக்கல" என்கின்றனர். நல்ல வழிகாட்டி நூல் அச்சொற்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். "உங்கள் எண்ணங்கள் உங்களால் கவனிக்கப்பட வேண்டும்" என்று எழுதுவதில் என்ன பயன்? "மனத்தில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்" என்றால் ஆறாம் வகுப்பு படித்தவர்க்கும் விளங்குமே.

வீக்ஸ் நூலிலும் குறை இல்லாமல் இல்லை. 'நரம்புத் தளர்ச்சி' போன்ற பழைய பெயர்களை இன்றைய மருத்துவர் வழங்குவதில்லை. கூறியது கூறல் மிகுதி. இக்குற்றத்தை நான் மன்னித்துவிடுகிறேன். நடுங்கும் நெஞ்சுக்கு ஒருமுறை சொன்னால் போதாது. சோர்வுக்கு இந்நூலினும் ஏற்றது டேவிட் பர்ன்ஸ் 1980இல் வெளியிட்ட நூல். ஆரன் பெக் என்பாரின் சிந்தனை மருத்துவ முறையைத் தழுவியது. பள்ளி நோட்டில் மூன்று கட்டம் போட்டு, தோன்றிய எண்ணம், அதிலுள்ள கோணல், அதற்கேற்ற மறுமொழி என எழுதச் சொல்வது நம் போன்ற ஆசிரியர்க்கு உவப்பான முறை. ஆனால் நூல் மிகப் பெரிது.

நூல் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு ஆய்வுகள் கூறும் விடையையும் காண்போம். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஸ்கோகின் என்பாரும் துணைவரும், சோர்வுற்ற முதியவர்களிடம் பர்ன்ஸ் நூல் முதலியவற்றைக் கொடுத்து ஆராய்ந்தனர். பயன் கண்டனர். ஆனால் அம்முதியவர்களை வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சிறிது நேரம் பேசிவந்தார் என்பதை மறத்தல் கூடாது. இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் கழகம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையும், கடுமையற்ற சோர்வுக்கு முதலில் கருத வேண்டியதாகத் துணைவர் ஒருவரோடு கூடிய தன்னுதவியையே சுட்டுகிறது. உகாண்டாவில் தங்கியிருந்த தென்சூடான் ஏதிலிப் பெண்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் ஆயத்தம் செய்த திட்டத்தை ஆய்வாளர் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். ஒலிப்பதிவாக அவர்கள் மொழியிலேயே பாடம். கையில் படக்கதை போன்ற நூல். குழுவாக அமர்ந்து ஐந்து அமர்வுகள். எழுத்தறியாதாரும் பயன் பெற்றனர். தோட்டத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கத்தை இது எனக்கு நினைவூட்டியது. நான் அவ்வாசிரியைக்கு நூலைத்தான் கொடுத்தேன். அந்தத் திங்கள் முழுதும், படித்தீர்களா என்றுகூட ஒருமுறை கேட்கவில்லை.

நூலின் எல்லையை நூலே சொல்ல வேண்டும். படபடப்பு தைராய்டுக் கோளாறாலும் இரத்தச் சோகையாலும் இதயநோயாலும் வரலாம். முதலில் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்க்கும், பிறர்க்குக் கேளாத குரல் கேட்பவர்க்கும், பிள்ளை பெற்றபின் நிலைகுலைந்த தாய்க்கும் நூலை நீட்டுதல் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழக்குப் போடுவார்களோ என்று அஞ்சி மறைத்த காலமும் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2020 முதலும், மலேசியா 2023இலும் நீக்கிவிட்டன. இச்செய்தியை அறியாத பெற்றோர் இன்றும் உளர். மலேசியச் சுகாதார அமைச்சின் ஆய்வில் மனச்சோர்வுற்ற பெரியவர்கள் 2019இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023இல் 4.6 பேர். நாம் கொடுக்கும் நூல்கள் இத்தனை பேர் கைக்குப் போகக்கூடும்.

அவ்வாசிரியை பின்னர்த் தம் தமக்கையின் தூண்டுதலால் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று மருத்துவம் பெற்று நலமடைந்தார். இப்பொழுது வேறு பள்ளியில் கற்பிக்கிறார். சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்திருந்தபோது வீக்ஸ் நூலை அவரிடம் காட்டினேன். நின்றபடியே முதல் இயலைப் படித்து முடித்தார்.

"இத அப்பவே குடுத்திருக்கலாமே ஐயா" என்றார்.