23 பவுண்டும் ஒரே விலையும்: 1973 கிராண்ட் நேஷனல் குதிரைகள், ஒரு மதிப்பீடு

குதிரைப் பந்தயத்தை எடைபோடுகிறவர்கள் இரண்டு கேள்விகளை ஓயாமல் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். எது சிறந்த குதிரை என்பது ஒரு கேள்வி. இன்று கிடைக்கிற விலைக்கு எந்தக் குதிரையின்மேல் பணம் கட்டுவது நியாயம் என்பது இன்னொரு கேள்வி. முன்னது தகுதியைப் பற்றியது. பின்னது தகுதிக்கும் விலைக்கும் உள்ள உறவைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க, 1973 மார்ச் 31 அன்று லிவர்பூலை அடுத்த ஏன்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனலைவிடப் பொருத்தமான பந்தயம் கிடைப்பது அரிது. முடிவு ஊரறிந்தது: ரெட் ரம் முக்கால் லெங்த்தில், அதாவது ஒரு குதிரையின் நீளத்தில் முக்கால் பங்கில், கிரிஸ்ப்பை வென்றது. அந்த முடிவைச் சற்று ஒதுக்கிவைத்து, தொடக்க நாடா உயர்வதற்கு முன் கைவசமிருந்த சான்றுகளை வைத்தே போட்டியாளர்களை எடைபோடுவது இக்கட்டுரையின் முறை. முடிவைச் சோதனைக்காகக் கடைசியில் பார்ப்போம்; அளவுகோலாகக் கொள்ளப்போவதில்லை.

அளவுகோல்கள் ஐந்து: எடை, தாக்குப்பிடிக்கும் ஆற்றல், தாண்டும் திறன், தரை, விலை. கிண்டியில் சமதளப் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கும் இவற்றில் மூன்று புதியவை அல்ல. ஆனால் ஏன்ட்ரீயில் ஒவ்வொன்றும் தன் அளவில் பெருத்துவிடுகிறது. அன்றைய தூரம் ஏறத்தாழ நாலரை மைல், அதாவது 7 கிலோமீட்டருக்கும் மேல். தடைகள் 30. பெச்சர்ஸ் புரூக் என்ற தடையில் குதிரை கால் ஊன்றும் பக்கம், எழும்பும் பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். தாண்டிவிட்டோம் என்று குதிரை நினைக்கும் நொடியில் தரை இன்னும் கீழே இருக்கும். தி சேர் என்ற 15-ஆவது தடை 5 அடி 2 அங்குல உயரம். கடைசித் தடைக்கு அப்பால் 494 கெஜம் வெறும் ஓட்டம். அதன் நடுவே எல்போ என்ற வளைவு. முன்னே சொன்ன அத்தனையும் கடந்து வந்த உடலிடம் இந்த 494 கெஜம் மிச்சத்தைக் கேட்கிறது. ஹேண்டிகேப் பந்தயம் ஆதலால் சிறந்த குதிரைக்குக் கூடுதல் எடை. நீண்ட தூரத் தடைப் பந்தயங்களில் ஒரு பவுண்டு ஏறத்தாழ ஒரு லெங்த்துக்குச் சமம் என்பது ஹேண்டிகேப் கணக்கின் பொது வழக்கம்.

38 குதிரைகள் ஓடின. எல்லாம் சமம் என்று கொண்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 2.6 சதவீதம். கிரிஸ்ப், ரெட் ரம் இரண்டுக்கும் விலை 9க்கு 1. இரண்டும் கூட்டு ஃபேவரிட். அந்த விலை 10 சதவீத வாய்ப்பைக் குறிக்கிறது. லெஸ்கார்கோவுக்கு விலை 11க்கு 1. அது குறிப்பது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் கேட்க வேண்டியது இதுதான்: விலை குறிக்கிற வாய்ப்பைவிட அதன் உண்மையான வாய்ப்பு கூடுதலா, குறைவா?

கிரிஸ்ப்பிலிருந்து தொடங்குவோம். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, அங்கே வெல்லத்தக்க தடைப் பந்தயங்களை வென்று, இங்கிலாந்து வந்து லாம்போர்னில் ஃப்ரெட் வின்டரின் லாயத்தில் சேர்ந்த பெரிய உடல்வாகுக் குதிரை. 1971-இல் செல்ட்னம் இரண்டு மைல் சாம்பியன் சேஸை 25 லெங்த்தில் வென்றது. வேகத்தில் அன்றைய தடைப் பந்தய உலகில் அதற்கு நிகர் காட்டுவது கடினம். தாண்டும் முறையிலும் குறை சொல்ல இடமில்லை: தடையைக் கண்டால் தயங்காது, தூரத்திலிருந்தே எழும்பும், காற்றிலேயே நிலம் சேமிக்கும். பயிற்சியாளர் என்ற கணக்கிலும் அதுவே முன்னே நிற்கிறது. வின்டர் நேஷனலை ஜாக்கியாக 1957-இலும் 1962-இலும், பயிற்சியாளராக 1965-இலும் 1966-இலும் வென்றவர்.

குறைகள் இரண்டு. முதலாவது எடை. 12 ஸ்டோன், அதாவது 168 பவுண்டு, ஏறக்குறைய 76 கிலோ. 1936-இல் ரெனால்ட்ஸ்டவுனுக்குப் பின் 12 ஸ்டோனோ அதற்கு மேலோ சுமந்து நேஷனலை வென்ற குதிரை இல்லை. இரண்டாவது, தாக்குப்பிடிக்கும் ஆற்றல். இரண்டு மைல் சாம்பியனிடம் நாலரை மைல் கேட்கப்படுகிறது. 1972 செல்ட்னம் கோல்டு கோப்பையில், மூன்றேகால் மைல் தூரத்தில், கிரிஸ்ப் ஐந்தாவதாகவே வந்தது.

இங்கே ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அந்தக் கோல்டு கோப்பையில் கிரிஸ்ப்பைப் பின்னே பிடித்துவைத்தே ஓட்டினார்கள். முன்னே பாய்ந்து ஓடும் இயல்புள்ள குதிரையைக் கடிவாளத்தில் அடக்கி ஓட்டிய பந்தயம் அதன் நீடிப்பைப் பற்றிய தூய சான்றாகாது. அடக்குவதிலேயே ஆற்றல் செலவாகிவிடுகிறது. ஆகவே கிரிஸ்ப் நாலரை மைல் தாங்காது என்று முன்கூட்டியே தீர்ப்பளித்தவர்கள் பலவீனமான ஆதாரத்தின் மேல் நின்றார்கள். அதே சமயம், தாங்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. சந்தேகத்தின் பலனைக் குதிரைக்குத் தரலாம். 9க்கு 1 என்ற விலைக்குத் தர முடியாது. 12 ஸ்டோனும் சோதிக்கப்படாத தூரமும் சேர்ந்த இடத்தில் அந்த விலை குறுகியது. தகுதியில் முதலிடம், விலையில் தோல்வி.

அடுத்து லெஸ்கார்கோ. கிரிஸ்ப்பின் அதே 12 ஸ்டோன், அதே வயது, ஆனால் வேறு வகைச் சான்று. 1970-லும் 1971-லும் கோல்டு கோப்பையை வென்றது. தாக்குப்பிடிக்கும் ஆற்றலை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, அது மெய்ப்பிக்கப்பட்டது. கிரிஸ்ப் ஐந்தாவதாக வந்த 1972 கோல்டு கோப்பையில் லெஸ்கார்கோ நான்காவதாக, அதற்கு முன்னே வந்திருந்தது. எடையைச் சமமாக்கிய ஹேண்டிகேப்பர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார். நீண்ட தூரத்துக்கு எது உறுதியானது என்ற கேள்விக்குச் சான்றுகள் சொல்லும் விடை லெஸ்கார்கோ.

எதிர்வாதங்களும் உண்டு. 1972 நேஷனலில் அதே லெஸ்கார்கோ மூன்றாவது தடையிலேயே விழுந்தது. நெரிசலில் நேர்ந்த வீழ்ச்சி அது, தாண்டும் முறையின் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏன்ட்ரீத் தடைகளை முழுதாகச் சுற்றிவந்த அனுபவம் அதற்கு இல்லை. 1971 வெற்றி சேற்றுத் தரையில் வந்தது. 1973 மார்ச் இறுதியில் ஏன்ட்ரீத் தரையோ கெட்டியாக இருந்தது. கெட்டித் தரை தாக்குப்பிடிப்பவனின் சாதகத்தைக் குறைத்து வேகக்காரனின் சாதகத்தைக் கூட்டும். இரண்டையும் கழித்த பின்னும் 11க்கு 1 என்பது ஏற்கத்தக்க விலை. ஆனால் வாய்ப்பைவிட விலை வெகுவாக மிஞ்சி நிற்கிறது என்று சொல்ல முடியாது.

ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ் மூன்றாவது. 11 ஸ்டோன் 13 பவுண்டு. 1969 ஹென்னெஸி கோப்பையை வென்றது. 1970 கோல்டு கோப்பையில் லெஸ்கார்கோவுக்குப் பின்னே மூன்றாவதாக வந்தது. சீரான ஆட்டம், நேர்மையான தாண்டல், நீடிப்பு எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றே: மற்றவற்றை வெல்வதற்கான தனி ஆயுதம். லெஸ்கார்கோவை இது மிஞ்ச ஒரு பவுண்டு சலுகை போதுமென்று சொல்ல எந்தக் கணக்கும் இடம் தரவில்லை. முதல் நான்கில் வரக்கூடிய குதிரை, முதலாவதாக வர வேண்டிய காரணம் காட்டாத குதிரை.

இனி ரெட் ரம். தகுதிப் பட்டியலில் இந்நால்வருள் கடைசி. தந்தை குவோரம் ஒரு மைல் ஓட்டக்காரன். ரெட் ரம்மின் முதல் பந்தயமே 1967-இல் இதே ஏன்ட்ரீயில் ஐந்து ஃபர்லாங் சமதள ஓட்டம். அதில் இன்னொரு குதிரையோடு சமனாக முடித்தது. பின் பல கைகள் மாறி, 1972 ஆகஸ்டில் 6000 கினிக்கு ஜிஞ்சர் மெக்கெயினிடம் வந்தது. பாத எலும்பில் அழற்சி என்று கண்டறியப்பட்ட குதிரை அது. ஸவுத்போர்ட்டில் கார் விற்பனைக் கடைக்குப் பின்னே சிறு லாயம் வைத்திருந்த மெக்கெயின் அதைக் கடற்கரை மணலில் ஓட்டி, உப்பு நீரில் நடக்கவிட்டார். அந்த இலையுதிர் பருவத்தில் ரெட் ரம் அடுத்தடுத்து ஐந்து பந்தயங்களை வென்றது.

வம்சாவளியை மட்டும் பார்த்தவர்கள் நீடிப்பைச் சந்தேகித்தார்கள். வம்சாவளி ஊகம், ஓட்டம் சான்று. 1972 ஸ்காட்டிஷ் கிராண்ட் நேஷனலின் நான்கு மைலை அது கடந்து ஐந்தாவதாக வந்திருந்தது, அதுவும் மணல் பயிற்சிக்கு முன்னரே. தரை கெட்டியாக இருந்தது அதற்குப் பிடித்த செய்தி. ஜாக்கி பிரையன் ஃப்ளெட்சர் 1968-இல் ரெட் அலிகேட்டர் மேல் நேஷனலை வென்றவர். கிரிஸ்ப்பின் ஜாக்கி ரிச்சர்ட் பிட்மனுக்கு அந்த வெற்றி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எடை 10 ஸ்டோன் 5 பவுண்டு. கிரிஸ்ப்பை விட 23 பவுண்டு, அதாவது 10 கிலோவுக்கும் கூடுதலான சலுகை.

குறைகளையும் மறைக்க வேண்டாம். உயர்தரக் குதிரைகளோடு மோதி வென்ற சான்று ரெட் ரம்மிடம் இல்லை. ஐந்து வெற்றிகளும் வடபகுதி மைதானங்களில், இரண்டாம் தரப் போட்டியாளர்களை எதிர்த்து வந்தவை. பாதம் மீண்டும் தொல்லை தராது என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனால் ஹேண்டிகேப்பில் கேள்வி தரத்தைப் பற்றியது மட்டுமல்ல. தரத்துக்கு ஏற்ற எடையா என்பதும்தான். குணமான பாதம், ஏறுமுகமான ஃபார்ம், பிடித்த தரை, லேசான எடை நான்கும் ஒன்றுகூடிய குதிரை களத்தில் இது ஒன்றே. 9க்கு 1 என்ற விலையில் இதன் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டியது என்று துணிந்து சொல்ல முடிகிறது. தகுதியில் நான்காவது, விலையில் முதலாவது.

இப்போது முடிவுக்கு வருவோம். பிட்மன் இம்முறை கிரிஸ்ப்பை அடக்கவில்லை. முதல் சுற்றிலேயே அது தனித்து முன்னேறியது. தி சேரில், அதற்கு அடுத்து வந்த கிரே சாம்பிரேரோ விழுந்து உயிர் விட்டபோது, துரத்துவோரின் வரிசை இன்னும் கலைந்தது. இரண்டாம் சுற்றில் கிரிஸ்ப்பைத் துரத்தியது உண்மையில் ரெட் ரம் ஒன்றே. கடைசித் தடையைத் தாண்டும்போதும் முன்னிலை 15 லெங்த் அளவில் இருந்தது. பிறகுதான் 168 பவுண்டு தன் கணக்கைக் கேட்டது. எல்போவுக்கு முன் பிட்மன் வலக்கையால் சவுக்கை எடுத்தார். களைத்த குதிரை இடப்பக்கம் சாய்ந்து, லயம் உடைந்தது. அது தன் தவறு என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கோட்டுக்குச் சில எட்டுகள் முன்னே ரெட் ரம் கடந்து சென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 வினாடி, பழைய சாதனையைவிட ஏறக்குறைய 19 வினாடி குறைவு. லெஸ்கார்கோ 25 லெங்த் பின்னே மூன்றாவது, ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ் நான்காவது.

இந்த முடிவு நம் மதிப்பீட்டை மெய்ப்பிக்கிறதா? ஓரளவே. பிட்மனின் கை சவுக்குக்குப் போகாதிருந்தால் கிரிஸ்ப் வென்றிருக்கலாம் என்று வாதிடுவோர் தவறு செய்யவில்லை. அப்படி நடந்திருந்தாலும் ரெட் ரம் மேல் கட்டிய பந்தயம் நல்ல பந்தயமாகவே இருந்திருக்கும். முக்கால் லெங்த்தில் தீர்ப்பு தலைகீழாகும் என்றால் அது தீர்ப்பே அல்ல. கிரிஸ்ப் பற்றிய ஐயம் ஒன்று தகர்ந்தது: முன்னே ஓடவிட்டால் அது நாலரை மைலை 12 ஸ்டோனோடு, பழைய சாதனையையும் மிஞ்சிய வேகத்தில் தாங்கும். ஐயம் ஒன்று நிலைபெற்றது: அந்தச் சுமையோடு கடைசி 494 கெஜம் அதற்கு அதிகம்.

பின்னர் நடந்தவையும் இதற்கு ஒத்திசைகின்றன. அதே ஆண்டு இலையுதிர் பருவத்தில் டான்காஸ்டரில் சம எடையில் இரண்டும் மோதியபோது கிரிஸ்ப் 8 லெங்த்தில் வென்றது. ஆக, சிறந்த குதிரை எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த இடைவெளி 8 லெங்த். ஏன்ட்ரீயில் தரப்பட்ட சலுகையோ 23 பவுண்டு. தூரமும் மைதானமும் வேறு ஆதலால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்ப்பது முறையாகாது. ஆயினும் ரெட் ரம்மின் உண்மையான தரத்தை அந்த எடை எட்டிப்பிடிக்கவில்லை என்று கொள்ள இடமுண்டு. 1974-இல் ரெட் ரம் தானே 12 ஸ்டோன் சுமந்து லெஸ்கார்கோவை 7 லெங்த்தில் வென்றது. 1975-இல் லெஸ்கார்கோ அதைத் திருப்பி 15 லெங்த்தில் தோற்கடித்தது. 1977-இல் ரெட் ரம் மூன்றாம் முறையாக நேஷனலைத் தனதாக்கியது. தகுதிப் பட்டியலில் அதைக் கடைசியில் வைத்தது 1973 மார்ச்சின் சான்றுகளுக்கு நியாயம். அதன் வாழ்நாள் சாதனைக்கு அல்ல.

குதிரைப் பந்தயம் சூதா திறமையா என்ற கேள்வி நம் நாட்டு நீதிமன்றத்துக்கும் வந்தது. சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், குதிரைப் பந்தயம் திறமையை ஆதாரமாகக் கொண்ட ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் திறமையின் இலக்கணம் வென்ற குதிரையை ஊகிப்பதில் இல்லை. எடை, தூரம், தரை, ஃபார்ம் ஆகிய சான்றுகளை விலையோடு ஒப்பிட்டு, எது நியாயத்துக்குக் குறைவாக விற்கப்படுகிறது என்று காண்பதில் இருக்கிறது. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பணம் கட்டுகிறவர் வென்றாலும் சூதாடியவரே. செய்த பின்னும் இழக்க முடியாத பணத்தைக் கட்டுகிறவர் திறமையை அவமதிக்கிறார்.

முடிவாக என் வரிசை இது. தகுதியில்: கிரிஸ்ப், லெஸ்கார்கோ, ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ், ரெட் ரம். பணம் கட்டும் நியாயத்தில்: ரெட் ரம், லெஸ்கார்கோ, ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ், கிரிஸ்ப். 23 பவுண்டு வித்தியாசமுள்ள இரு குதிரைகளுக்குச் சந்தை ஒரே விலை வைத்தபோது அது பெயருக்கு விலை வைத்தது. அன்றைய நேஷனலின் மிகச் சிறந்த ஓட்டம் கிரிஸ்ப்புடையது. மிகச் சரியான பந்தயம் ரெட் ரம்.