காந்தக் குடுவை என்னும் அரைகுறை உவமை

அணுக்கரு இணைவைப் பற்றிய கட்டுரைகளில் ‘காந்தக் குடுவை’ என்ற உவமையை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். 15 கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவை எந்த உலோகக் கலமும் தாங்காது. ஆகவே காந்தப்புலத்தால் ஆன குடுவையில் அதை அடைக்கிறார்கள் என்பது அதன் பொருள். பிளாஸ்மா சுவரைத் தொடாமல் நிற்பதை விளக்க இது நல்ல உவமைதான். ஆனால் அதோடு நின்றுவிடும் கட்டுரை, வாசகரைத் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்கிறது.

குடுவை வேறு, அதிலுள்ள நீர் வேறு. டோக்கமாக் கருவியில் அப்படியில்லை. உளுந்து வடை வடிவான அக்கலத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தின் பெரும்பகுதியைத் தருகின்றன. ஆனால் விசைக்கோடுகளுக்குத் தேவையான திருகலைத் தருவது பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டமே. அதாவது, குடுவையின் ஒரு பகுதியை உள்ளிருக்கும் பொருளே செய்துகொள்கிறது!

இதன் விளைவு யாது? விசைக்கோடுகள் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான பரப்புகளில் சுற்றி வருகின்றன. சில பரப்புகளில் மட்டும் ஒரு கோடு, வளையத்தை இரண்டு அல்லது மூன்று முறை சுற்றியதும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பிளாஸ்மாவின் மின்தடை சுழியாக இருந்தால் கோடுகள் அறுபடமாட்டா. சிறிதளவேனும் தடை இருப்பதால், மின்னோட்டம் தகாத முறையில் பரவியிருக்கும்போது, இப்பரப்புகளில் கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைகின்றன. பரப்பு கிழிந்து ‘காந்தத் தீவுகள்’ தோன்றுகின்றன. இதுவே கிழிவு நிலையின்மை. 1963-இல் ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் ஆகிய மூவரும் இதன் கணிதத்தை வகுத்தனர்.

தீவு உள்ள இடத்தில் உட்புற வெப்பம் எளிதாக வெளியே கசியும். பிளாஸ்மாவோடு சுழன்றுகொண்டிருக்கும் தீவு, வளர்ந்து, சுழற்சி நின்று, ஓரிடத்தில் பூட்டிக்கொண்டால், பல வேளைகளில் பிளாஸ்மா முழுவதும் குலைந்துவிடும். சில மில்லி விநாடிகளில் அதன் வெப்பம் சுவரில் பாயும்.

‘வெப்பம் கூடினால் மின்தடை குறையுமே, கிழிவும் நின்றுவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அழுத்தம் மிகுந்த பிளாஸ்மாவில், அழுத்த வேறுபாடே ஒரு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. தீவுக்குள் அந்த வேறுபாடு மறைவதால் மின்னோட்டமும் அங்கே குன்றும். அக்குறையே தீவை மேலும் வளர்க்கும்.

2023-இல் இங்கிலாந்தின் ஜெட் கருவி 69 மெகா ஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் குடுவை உவமையை மட்டும் அறிந்த வாசகர், இனிக் குடுவையைப் பெரிதாக்கினால் போதும் என்றே எண்ணுவார். உண்மையில், கருவி பெரிதாகப் பெரிதாக, அதில் தேங்கும் ஆற்றலும் பெருகுகிறது. குலைவினால் வரும் சேதமும் பெருகுகிறது. காலம் தாழும்போது அவர், ‘விஞ்ஞானிகள் ஏமாற்றுகிறார்கள்’ என்பார். பிழை அவருடையதா, எழுதியவர்களுடையதா?

மருந்தும் இல்லாமல் இல்லை. நுண்ணலைக் கற்றையைத் தீவின்மீது குறிவைத்துச் செலுத்தி, குறைந்த மின்னோட்டத்தை ஈடுசெய்கிறார்கள். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் நாட்டுக் கருவிகளில் இது செய்து காட்டப்பட்டுள்ளது. இந்தியாவும் பங்குபெற்று, பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் கருவியிலும் இதற்கென 170 ஜிகா ஹெர்ட்ஸ் அலைகள் பயன்பட உள்ளன.

ஆகவே, அடுத்த முறை ‘காந்தக் குடுவை’ என்று படிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கிழிந்தால் தைப்பதற்கு என்ன ஏற்பாடு? அதற்கு விடை கூறும் கட்டுரையே முழுமையான கட்டுரை.